கடைசி ஆள் கடக்கும் வரை

பினாங்கில் பொழுது தாமதமாகத்தான் விடிகிறது. டிசம்பர் 22ஆம் தேதி காலை ஆறரை மணிக்குப் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபெர்ரிக்காக நின்றிருந்தேன். வானம் கும்மிருட்டாக இருந்தது. எங்கள் பாளையங்கோட்டையில் அந்த நேரத்துக்குப் பால்காரர் வந்து போயிருப்பார், தெருவில் வெயில் தலைகாட்டியிருக்கும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்துவிட்டது. கடிகாரத்தின் பேச்சைச் சூரியன் கேட்பதில்லை. டிசம்பர் கடைசியில் இந்தத் தீவில் அது எழும்போது மணி ஏழேகாலைத் தாண்டிவிடுகிறது.

ஃபெர்ரியில் என்னோடு ஏறியவர்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார்கள். நான் என் பையை மடியில் வைத்துப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் ஒரு காகித நட்சத்திரம் இருந்தது. பாளையங்கோட்டைக் கடையில் வாங்கி, தட்டையாக மடித்து, இரண்டு வேட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. பினாங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அது போக வேண்டும். அண்ணியின் தாயார், எனக்கு அத்தை முறை. அவர் தொலைபேசியில் கேட்டது அது ஒன்றைத்தான்: "வேற ஒண்ணும் வேணாம் தம்பி. ஊர் நட்சத்திரம் ஒண்ணு கொண்டாங்க."

கடலைக் கடக்கக் கால் மணி நேரம்போல ஆகிறது. எதிரே தீவின் நகரமான ஜார்ஜ் டவுனின் விளக்குகள் தண்ணீரில் நீள நீளமாக நடுங்கின. நம் முன்னோர் எத்தனையோ பேர் இந்தத் தீவைப் பார்த்ததும் இப்படித்தான், கடலிலிருந்து. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கப்பல்களில் 'ரஜுலா'வின் பெயர் இன்னும் பல குடும்பங்களில் உயிரோடு இருக்கிறது. 1926இல் நீரில் இறங்கிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து இரவில் வந்த கப்பல்களைத் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் எதிர்கொண்டது. 1883இல் கட்டியது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 240 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள் நிற்கிறது. வாந்தியும் பசியுமாக மேல்தளத்தில் குந்தியிருந்தவர்களுக்கு, கரை வந்துவிட்டது என்று சொன்னது அந்த வெளிச்சம்தான். கரை உடனே கிடைத்துவிடவில்லை. கூலிகளாக வந்தவர்களை முதலில் புலாவ் ஜெரஜாக் என்ற சிறு தீவில் இறக்கி, நோய் இல்லை என்று உறுதியாகும்வரை அடைத்து வைத்தார்கள். வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் இருட்டில் காத்திருப்பது எப்படி என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

*

ஊரைச் சுற்ற எனக்கு இரண்டு நாள் இருந்தது. முதலில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனேன். 1786 ஆகஸ்ட் 11 அன்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடி ஏற்றப்பட்டது இங்கேதான். ஏற்றியவர் பெயர் ஃபிரான்சிஸ் லைட். ஆங்கிலத்தில் 'லைட்' என்றால் ஒளி என்பது நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்த இடத்தில், ஊரை நிறுவியவரின் பெயரே ஒளியாக இருந்தது என் மனதைப் பிடித்துக்கொண்டது.

கோட்டையின் கடலோர மூலையில் வெள்ளை வண்ணம் பூசிய ஓர் இரும்புச் சட்டக் கோபுரம், கப்பலின் பாய்மரத்தைப்போல நிற்கிறது. 1882இல் எழுப்பிய கலங்கரை விளக்கம். உயரம் 21 மீட்டர். இன்று கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலை அதற்கு இல்லை. கோட்டையில் ஃபிரான்சிஸ் லைட்டுக்கு 1936இல் வார்த்த வெண்கலச் சிலையும் உண்டு. அந்தச் சிலையைப் பற்றி நான் அறிந்த ஒரு செய்தி என்னை நெடுநேரம் அங்கே நிறுத்திவிட்டது. தீவு நிறுவப்பட்டு 150 ஆண்டு ஆனதைக் கொண்டாட, சிலை வைக்க நினைத்தவர்கள் அவருடைய ஓவியம் ஒன்றைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவருடைய மகன் வில்லியம் லைட்டின் முகம் தெரிந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்தைத் திட்டமிட்டவர் அவர். மகனின் முகத்தை வைத்துத் தந்தைக்குச் சிலை செய்தார்கள்.

லைட் என்ற வணிகரை நான் கடவுளோடு ஒப்பிட மாட்டேன். ஆனாலும் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைச் சிறுவயதில் மனப்பாடம் செய்த எவனும் அந்தச் சிலையின் முன் அதை நினைக்காமல் இருக்க முடியாது. தேவனை ஒருவரும் கண்டதில்லை, மகன் வழியாகத்தான் அவர் முகம் நமக்குத் தெரிந்தது என்பதல்லவா யோவான் சொல்வது? அவருடைய நூலில் மாட்டுக்கொட்டில் இல்லை, இடையர்கள் இல்லை, கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் இல்லை. அவர் எழுதிய கிறிஸ்துமஸில் இரண்டே பேருக்கு இடம். ஒன்று வார்த்தை, மற்றது ஒளி. இரண்டும் ஒருவரே என்கிறார். அந்த ஒளி இருட்டுக்குள் வந்தது, இருட்டால் அதை வெல்ல முடியவில்லை என்கிறார். பிறகு, வந்தவர் நம் நடுவே தங்கினார் என்கிறார். 'தங்கினார்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் கூடாரம் அடித்துக் குடியிருப்பதைக் குறிப்பது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் கூடாரம் அடிக்க மாட்டார்.

லைட் என்ற பெயர்கொண்டவர் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது முழுக்க வெளிச்சம் என்று சொல்ல முடியாது. தீவு அப்போது கெடா சுல்தானுக்கு உரியதாக இருந்தது. எதிரிகள் படையெடுத்தால் தம்மைக் காக்க வேண்டும் என்பதே சுல்தான் எதிர்பார்த்த கைம்மாறு. கம்பெனி அதற்கு ஒப்புக்கொள்ளாதபோதே லைட் தீவில் கொடியை ஏற்றிவிட்டார். தீவை மீட்கச் சுல்தான் படை திரட்டியபோது, 1791இல் லைட்டின் ஆட்கள் பிறை ஆற்றங்கரையில் அதைத் தாக்கிச் சிதறடித்தார்கள். முடிவில் கம்பெனி சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தருவது என்று ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1794இல் லைட் இறந்தார். நார்தாம் சாலைப் பழைய கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். மறுநாள் மாலை அங்கேயும் போனேன். கள்ளிமந்தாரை மரங்கள் கல்லறைகளின் மேல் வெள்ளைப் பூக்களை உதிர்த்துக்கொண்டிருந்தன. யாரோ பெருக்கி ஒதுக்கிய பூக்குவியலைத் தாண்டி அவர் கல்லறை முன் நின்றபோது, ஒளி என்ற பெயர் கேட்கும் கணக்கு எவ்வளவு கடினமானது என்று தோன்றியது. கிறிஸ்தவன் என்ற பெயரும் அப்படிப்பட்டதே.

*

ஃபார்க்குவார் தெருவில் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தைப் பார்த்ததும் சென்னைக்காரர் யாருக்கும் ஒரு கணம் திகைப்பு வரும். கதீட்ரல் சாலையில் இருக்கும் நம் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தின் தம்பிபோல இருக்கிறது. அதே வெள்ளை நிறம், அதே பருத்த தூண்கள், அதே கூர்மையான கோபுரம். ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் மேற்பார்வையில் 1818இல் கட்டி முடித்து, மறு ஆண்டு மே மாதம் கல்கத்தா பேராயர் வந்து பிரதிஷ்டை செய்தார். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் இதுதான். சுவர் எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். உயர்ந்த சன்னல்கள் வழியாக வெளிச்சம் தாராளமாக வந்து தரையில் பரவிக் கிடந்தது. இந்தச் சன்னல்களைத் திறந்துவைத்துக் கட்டியவர்களில் எத்தனை பேர் தம் ஊரின் வெளிச்சத்தை மறுபடி பார்த்தார்களோ! அவர்கள் பெயர் எந்தப் பளிங்குப் பலகையிலும் இல்லை. ஆலய முற்றத்தில் வட்டமான ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. தீவின் நூற்றாண்டை ஒட்டி 1886இல் லைட்டுக்காக எழுப்பியது. அந்தக் கைதிகளுக்காக நான் ஒரு ஜெபம் சொன்னேன். கிறிஸ்துமஸ் பருவத்தில் அது பொருத்தமாகவே இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஊர்விட்டு ஊர் நடக்க வைக்கப்பட்ட ஓர் ஏழைக் குடும்பத்தில்தானே அந்தக் குழந்தை பிறந்தது.

ஆலயத்தைவிட்டு வெளியே வந்து தெற்கே நடந்தால் நகரத்தின் வேறு வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சீனர்களின் குவான் யின் கோயில் முற்றத்தில் ஆள் உயர ஊதுவத்திகள் புகைந்தன, சிவப்பு மெழுகுவத்திகள் வழிந்து எரிந்தன. அதைத் தாண்டினால் குயின் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். அந்தி நேரத்து மணியும் கற்பூர வாசமும் தெருமுனைவரை வந்தன. இன்னும் கொஞ்சம் நடந்தால் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவர் காதிர் முகைதீன் காலத்தில் எழும்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. கடலில் தத்தளிப்பவர்கள் நாகூர் ஆண்டவரை நினைத்து அழுத காலம் ஒன்று இருந்தது. கரையேறியவர்கள் தங்கள் ஊரின் தர்காவையே இங்கே சின்னதாகக் கட்டிவிட்டார்கள். 2008இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு, ஒரே தெருவோரத்தில் இத்தனை வழிபாடுகள் அடுத்தடுத்து வாழ்வதும் ஒரு காரணம்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கின. பக்கத்திலேயே பொங்கலுக்கான வண்ணக் கோலப்பொடி வந்து இறங்கியிருந்தது. ஒரு நட்சத்திரம் பன்னிரண்டு வெள்ளி என்றார் கடைக்காரர். ரிங்கிட் என்று இங்கே தமிழர்கள் சொல்வதில்லை, வெள்ளிதான். "பசியாறிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் விலையே சொன்னார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. நட்சத்திரத்துக்குள் பல்பு மாட்டி எரியவிட்டு, ஒவ்வொரு முனையும் சரியாக விரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வாங்க வந்த பிள்ளைகள் கையில் கொடுத்தார்.

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் ஒளியைப் பற்றிப் பேசுவது எளிது. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. இருட்டு வளர்ந்து வளர்ந்து, பிறகு பகல் திரும்பத் தொடங்கும் நாட்களில் திருவிழா வருகிறது. பினாங்கோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறக்குறைய 11 மணி 45 நிமிடம். குளிர் இல்லை, பனி இல்லை, நீண்ட இரவு இல்லை. இந்த ஊர்க் கிறிஸ்தவர் இருட்டு என்று சொன்னால் அதற்குப் பருவகாலம் பொறுப்பல்ல. மனிதர் மனிதரைக் கைவிடும் இருட்டையே அவர் சொல்கிறார். அப்படிப்பட்ட ஒரு டிசம்பர் இந்த ஊருக்கு வந்தது.

*

1941 டிசம்பர் 11 காலையில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனுக்கு மேலே வந்தன. அப்படி ஒரு காட்சியை முன்பின் பார்த்திராத மக்கள் தெருவுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். குண்டுகள் விழுந்தன. கடைத்தெருக்கள் எரிந்தன. பிணங்கள் எடுப்பாரின்றிக் கிடந்தன. அடுத்த சில நாட்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் படையினரும் ஐரோப்பியக் குடும்பங்களும் இரவோடு இரவாகக் கப்பலேறித் தீவைவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கப்பல்களில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் இடமில்லை. காலையில் எழுந்த ஊருக்கு அரசு என்று ஒன்று இல்லை. கோட்டையில் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை குண்டு விழும்.

அப்போது முன்னால் வந்தவர் ஓர் இலங்கைத் தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' என்ற நாளிதழின் ஆசிரியர். பெயர் மாணிக்கசோதி சரவணமுத்து. எல்லா இனத்தாரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்தார். கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய், ஆங்கிலேயக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். பினாங்கில் படை எதுவும் இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலி வழியாக ஜப்பானியருக்குத் தெரிவித்தார். டிசம்பர் 19 அன்று ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. ஆறு நாள் கழித்து கிறிஸ்துமஸ். செயின்ட் ஜார்ஜ் ஆலயம் அந்தப் போரில் சேதப்பட்டது, உள்ளே இருந்தவை சூறையாடப்பட்டன. அங்கே மறுபடி ஆராதனை நடக்க 1948 ஆகிவிட்டது.

கோட்டையின் புல்தரையில் நின்று இந்தக் கதையை நினைத்தபோது அந்தப் பெயர் என் காதில் வேறாக ஒலித்தது. மாணிக்கசோதி. சோதி. அவருடைய சகோதரர்கள் பாக்கியசோதி, இரத்தினசோதி என்று ஒளியைப் பெயரிலேயே சுமந்தவர்கள். 1786இல் லைட் என்ற ஒருவர் கொடியேற்றிய அதே இடத்தில், 155 ஆண்டு கழித்து, சோதி என்ற ஒருவர் கொடியை இறக்கினார். ஏற்றிய கொடியால் ஒரு பேரரசுக்கு லாபம். இறக்கிய கொடியால் ஒரு நகரத்து மக்களுக்கு உயிர். வரலாற்றில் பெரிதாக எழுதப்படுவது முதலாவது. கிறிஸ்துமஸ் கதைக்குப் பக்கத்தில் நிற்பது இரண்டாவது. பெரியவர்கள் எல்லாரும் போன பிறகு, போகாமல் இருந்தவரின் கதை அது.

*

24ஆம் தேதி மாலை ஆயர் ஈத்தாமில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. நடைபாதைக் கம்பியில் நட்சத்திரத்தைக் கட்டுவதற்குப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி தன் முக்காலியைக் கொடுத்து, நான் ஏறி இறங்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டும் நின்றார். மடித்த காகிதம் விரிந்து ஐந்து முனையும் எழுந்தபோது அத்தை கைதட்டினார். பல்பைப் போட்டதும் சின்னச் சின்னத் துளைகள் வழியாகச் சிவப்பும் மஞ்சளும் சுவரில் சிதறின. "எங்க அப்பா வாங்கின மாதிரியே இருக்கு" என்றார்.

அத்தைக்கு எழுபது வயது. பிறந்து வளர்ந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கூண்டைக் கழற்றி, அதன் வாய்க்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, கை நுழையாத இடத்தை விரல் நுனியால் திருகித் திருகித் தேய்த்தார். கூண்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு உடைந்திருந்தது. அந்த இடம் வந்தபோதெல்லாம் விரல் தானாக மெதுவானது. எத்தனையோ ஆண்டுகளாகப் பழகிய விரல்.

பாத்திரம் விளக்குவது என்று நாம் சொல்கிறோம், கறை போகத் தேய்ப்பது. ஒருவருக்குப் புரிய வைப்பதும் விளக்குவதுதான். எரிகிற தீபமும் விளக்குதான். ஒன்று ஒளிர்ந்தாலும் விளங்குகிறது, புரிந்தாலும் விளங்குகிறது. யோவான் வார்த்தையையும் ஒளியையும் ஒன்றாக்கி எழுதியதை விளங்கிக்கொள்ளத் தமிழனுக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் மொழியிலேயே இரண்டும் ஒரே வேரில் இருக்கின்றன. அத்தை அந்தக் கண்ணாடியை விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு இது விளங்கியது.

"அம்மா பால்மரம் வெட்டுறவங்க" என்று சொல்லத் தொடங்கினார். "விடியிறதுக்கு முந்தியே பெரட்டுக்கு, அதான் பேரு கூப்பிடுற இடத்துக்கு, போயிடணும். நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போவாங்க. லயத்து வாசல்ல நின்னு பார்த்தா மரத்துக்கு மரம் மினுக்கு மினுக்குன்னு நகரும். அதுல எது எங்க அம்மான்னு நான் தேடுவேன்."

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிய வெயில் ஏறுவதற்கு முன்பே பட்டையைச் சீவிவிட வேண்டும். அதனால் தோட்டத்துத் தமிழர்களின் வாழ்க்கை மூன்று தலைமுறைக்கு இருட்டில்தான் தொடங்கியது. நாட்டின் சாலைகளும் துறைமுகங்களும் வளர்ந்த செல்வத்தில் ஒரு பங்கு, நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் குனிந்து நின்ற பெண்களின் உழைப்பு.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் காட்டுக்குப் போக மாட்டோம். கோயிலுக்குப் போவோம். அஞ்சு மணிக்கு ஆராதனை. ஓடைக்கு அந்தப் பக்கம் பலகைக் கோயில். லயத்துல முப்பது பேரு கிளம்புவோம். கைவிளக்கு இது ஒண்ணுதான். அப்பாகிட்ட இருக்கும். ஓடையில ரெண்டு தென்னைமரத்தைப் போட்டிருப்பாங்க, அதான் பாலம். மழை பெய்ஞ்சா வழுக்கும். அப்பா முதல்ல நடுவுல போய் நின்னுக்குவாரு. பாலத்துல இல்ல தம்பி, தண்ணியில. இடுப்பு வரைக்கும் தண்ணி. விளக்கைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்குவாரு. ஒவ்வொருத்தரா கடப்போம். கைப்பிள்ளைக்காரி, கிழவன், கிழவி, எல்லாரும். கடைசி ஆள் கடக்குற வரைக்கும் அவரு நகர மாட்டாரு. எல்லாரும் போய் உக்காந்து முதல் பாட்டே பாடி முடிச்சிருப்போம். அப்புறம்தான் ஈர வேட்டியோட உள்ள வருவாரு. வருஷா வருஷம் கடைசி பெஞ்சுதான் எங்க அப்பாவுக்கு."

அண்ணன் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். அத்தை கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இன்னொரு முறை துடைத்தார்.

"எங்க அம்மா ஒருதடவை சண்டை போட்டாங்க. விளக்கை அந்தக் கரையில ஒரு மரத்துல மாட்டிட்டு வந்துட்டா ஆகாதா, நனையணுமான்னு. அப்பா சொன்னாரு, மரத்துல மாட்டினா வெளிச்சம் தெரியும், ஆனா விழுறவனைப் பிடிக்க அதுக்குக் கை கிடையாதுன்னு."

நான் எத்தனையோ கிறிஸ்துமஸ் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கடவுள் ஏன் மனிதராக வர வேண்டும், பரலோகத்திலிருந்தே வெளிச்சம் காட்டியிருக்கலாமே என்ற கேள்வியைச் சபைப் பிதாக்கள் காலத்திலிருந்து பெரிய அறிஞர்கள் எல்லாம் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத ஒரு தோட்டத் தொழிலாளி அதற்கு இடுப்பளவு தண்ணீரில் நின்று பதில் சொல்லிவிட்டார். விழுகிறவனைப் பிடிக்கக் கை வேண்டும். அதனால்தான் அவர் வந்தார், அதனால்தான் தங்கினார், அதனால்தான் நனைந்தார்.

*

25ஆம் தேதி காலை ஐந்தரை மணி ஆராதனைக்கு ஜார்ஜ் டவுனுக்குள் இருக்கும் ஒரு தமிழ் ஆலயத்துக்குப் போனோம். சிறிய ஆலயம். பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவும் நிறைந்திருந்தன. கீர்த்தனை தொடங்கியபோது ஆர்மோனியத்துக்கு முன்னால் குரல்கள் போய்விட்டன. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் லைட்டின் காலத்திலேயே பிறந்தவர், 1774இல். அவரும் அவர் வழிவந்தவர்களும் நம் ராகங்களில் கட்டிய பாடல்கள்தான் புத்தகத்தோடும் புத்தகம் இல்லாமலும் கடல் தாண்டி வந்து, தோட்டங்களிலும் நகரத்திலும் இந்த மக்களைத் தாங்கியிருக்கின்றன. தமிழ்ப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள்கூட இந்தப் பாடல்களில் பிழையில்லாத தமிழ் பாடுகிறார்கள்.

பிரசங்கம் முடிந்ததும் மின்விளக்குகளை அணைத்தார்கள். பீடத்தில் எரிந்த ஒரு மெழுகுவத்தியிலிருந்து போதகர் தன் வத்தியைப் பற்றவைத்து, முதல் வரிசைக்குக் கொடுத்தார். அங்கிருந்து அடுத்த வரிசைக்கு வந்தது. எரிகிற வத்தியை நிமிர்த்தியே வைத்து, எரியாத வத்தியைத்தான் சாய்க்க வேண்டும் என்று ஒரு தகப்பன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எரிகிற வத்தி சாய்ந்தால் மெழுகு கையில் சொட்டும். பெறுகிறவர் குனிகிறார், கொடுப்பவர் அசையாமல் நிற்கிறார். அந்தச் சிறுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் குவித்து, தன் சுடரை எனக்கு நீட்டினாள். அவள் உள்ளங்கையின் சிவப்பு விரலிடுக்குகளில் ஒளிர்ந்தது. பின்வரிசை வரை சுடர் போய்ச் சேர்ந்தபோது, இருட்டில் தெரியாத முகங்கள் எல்லாம் தெரிந்தன. அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்தபோது மணி ஏழு. வெளியே இன்னும் இருட்டுக் கரையவில்லை. இரவில் பெய்த தூறலில் முற்றம் ஈரமாக இருந்தது. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் அகலமான கால்வாய். இந்த ஊரில் எல்லாத் தெருவிலும் உண்டு. அதன் மேல் ஒரு கான்கிரீட் பலகை, ஓரத்தில் பாசி. வெளியே வந்த ஒரு பெரியவரின் கைத்தடி அதில் வழுக்கியது. பக்கத்தில் இருந்த நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். பிறகு அங்கேயே நின்று கைப்பேசியின் விளக்கைப் பலகையின் மேல் அடித்துக் காட்டினேன். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். "கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் தம்பி" என்று கை கொடுத்தவர்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவர்கள், கேக் டப்பாவை இரு கையாலும் ஏந்தியவர்கள், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, அதைத் தூக்கிப் பிடித்த நான்கு இளைஞர்கள். யாரும் அவசரப்படவில்லை. நானும் மணி பார்க்கவில்லை.

கடைசியாக அத்தை வந்தார். பலகையில் கால் வைத்து, நடுவில் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் நீர் இருந்தது.

"போதும் தம்பி, விளக்கை அணைங்க" என்றார். "விடிஞ்சிருச்சு."